கதாசிரியரும் அவர்தம் அச்சுக்கூடமும்

சென்ற பருவத்தில் ஒரு மாலை, எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டம் முடிந்து அவை கலையுந் தறுவாயில், நடுவயதினர் ஒருவர் துணிப்பையொன்றுடன் வாயிற்படியருகே வந்து நின்றார். தாம் எழுதிய நாவலைத் தம் பொருள்கொண்டே அச்சிட்டு, ஊர் ஊராய்க் கொணர்ந்து விற்பவர் அவர். நூலின் பெயரைக் கூறினார். கதையின் தொடக்கத்தை இரண்டு நிமிடத்தில் எடுத்துரைத்தார். இரண்டாம் பாகம் விரைவில் அச்சிற்குச் செல்லும் என்றும், கதை எழுத விழைவார் சிலரைக் கூட்டித் திங்கள்தோறும் தம் இல்லத்தில் ஒரு சிறு கழகம் நடத்தி வருவதாகவும் அறிவித்தார். எம்முள் சிலர் முறுவலித்தோம். "தம் நூலைத் தாமே புகழ்வதா!" என்று ஒருவர் காதோடு காதாய்ச் சொன்னார். ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒரு பிரதி வாங்கினார். வந்தவர் பையைத் தோளிலிட்டு விடைபெற்றுச் சென்றார்.

தமிழ் இலக்கணம் பயில்வார்க்கு அவ்வினா புதிதன்று. நன்னூலார் பாயிரத்தில், ஒருவன் எத்துணை அரிய நூல் செய்தானாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாதென விலக்கிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் அதனை உடன்படுகின்றார். அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிர்ப்பவன் தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழலாம் என்பது அவர் கொள்கை. தேர்வுக்கென இந்நான்கனையும் விரல்மடித்து ஒப்பித்த யாம், அவற்றுள் இரண்டாவது இடம் எம் வாயிற்படியிலேயே வந்து நின்றபோது அதனை அறிந்துகொண்டிலோம். அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பண்டைப் புலவர்க்குப் புரவலர் இருந்தனர். அச்சு வந்த பின்னர்ப் புரவலரோடு கையொப்பக்காரரும் வந்து சேர்ந்தனர். நூல் வெளிவரு முன்னரே 'இத்தனை பிரதி பெற்றுக்கொள்வோம்' என ஒப்பமிட்டு உதவுவோர்க்கு அப்பெயர் வழங்கிற்று. உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இவ்வாறு கையொப்பம் பெற அலைந்த வரலாறு தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் பழைய காப்பியத்திற்குக் கையொப்பம் இடுவார், நேற்று ஒருவர் புனைந்த வசனக் கதைக்கு இடுவரோ? இடார். அதனைப் படித்து ஆவது என்னென்று கேட்பர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளையவர்கள், நம் சமயத்தவர், முனிசீப்பாகப் பணியாற்றியவர். கதையால் உண்ண வேண்டிய நிலையில் இருந்தவரல்லர். தமிழ் நாவல் தோன்றுவதற்கு ஒரு நல்ல உத்தியோகம் முதலில் வேண்டியிருந்தது என்று யாம் கூறின் அது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றலாம், உண்மைக்குத் தொலைவன்று.

ஏனெனில் நூல் அச்சிடும் கணக்கு ஆசிரியனுக்கு எப்போதும் பாதகமானது. காகிதத்திற்கும், அச்சுக் கோப்போனுக்கும், கட்டடம் செய்வோனுக்கும் பொருள் முன்னதாகவே சென்றுவிடும். ஒரு பிரதியேனும் விற்குமுன் செலவு முழுதும் தீர்ந்துபோம். பின்னர் கட்டுக் கட்டாய் நூல்கள் வீடுவந்து சேர்ந்து கட்டிலின்கீழ் அடுக்கப்படும். கறையான் வாங்குவோர்க்கு முன்பாக வந்துவிடும். புத்தக வியாபாரியோ தன் கழிவை எடுத்துக்கொண்டு, விற்ற பின்னரே எஞ்சியதைத் தருவான். நூல் ஒன்று உளதென்னும் செய்தியே நூறு பேர்க்கு எட்டாதபோது, அதனை வாங்குவார் எங்ஙனம் தோன்றுவர்? எனவே தனித்து நிற்கும் கதாசிரியனுக்குக் கதை எழுதுவது பாதித் தொழில். படிப்போரைத் தேடுவது மறுபாதி.

இம்மறுபாதியைத் தமிழில் முனைந்து செய்தாருள் அ. மாதவையா அவர்களைப் போன்றார் சிலரே. 1872-இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள பெருங்குளத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் பயின்று பி. ஏ. பட்டம் பெற்றவர், உப்பு இலாகாவில் பணிபுரிந்தவர். பகலில் அரசாங்கத்தின் உப்பையும் இரவில் தம் கதைகளையும் காத்தவர் என்னலாம்.

இருபது வயதினராய் இருந்தபோதே, 1892-இல், விவேக சிந்தாமணி என்னும் மாதப் பத்திரிகையில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற கதையைத் தொடங்கினார். இப்பத்திரிகையே பின்னர் இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரத்தையும் திங்கள்தோறும் வெளியிட்டது. தொடர்கதையாக வெளிவருவதில் ஆசிரியனுக்கு இரண்டு ஊதியங்கள் உண்டு. அச்சுச் செலவு பத்திரிகையினுடையது. படிப்போரும் சந்தாதாரராய் முன்னமே இருப்பவர். ஆயின் ஒரு குறையும் உண்டு. நிறுத்தும் உரிமை ஆசிரியனிடம் இராது. அக்கதை சில பகுதிகளோடு நின்றுவிட்டது. இளம் பருவத்தில் மணம் புரிவிக்கப்பட்டுத் துன்புறும் ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது அது. பதினோராண்டுகள் கழித்து, 1903-இல், 'முத்துமீனாட்சி' என்னும் பெயரோடு அது முழு நூலாய் வெளிவந்தது. பிறர் பத்திரிகையில் பாதியில் நின்ற கதையைத் தனி நூலாக முடித்துத் தந்த இவ்வனுபவம், அவரது பிற்காலச் செயல்களுக்கு வித்தாயிருந்திருக்கும் என்பது எம் ஊகம்.

இதற்கிடையே பத்மாவதி சரித்திரத்தின் முதற்பாகம் 1898-இலும் இரண்டாம் பாகம் 1899-இலும் வெளிவந்தன. நாராயணன், கோபாலன் என்னும் மாணவர் இருவரது வாழ்வைத் திருநெல்வேலிக் கிராமத்தினின்றும் சென்னைக் கலாசாலை வரையில் தொடரும் அந்நாவலை, எம்மைப் போன்றார் இன்றும் தம் கதையெனவே படிக்கலாம்.

பின்னர் அவர் ஆங்கிலத்திலும் கதை எழுதினார். இதனைக் குறைகூறுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. அக்காலத்துப் பட்டதாரிகளுட் பலர் தமிழ்க் கதையைக் கையால் தொடவும் கூசினர். அவர்தம் கண்ணுக்கு எட்டும் வழி ஆங்கிலமே. 'தில்லை கோவிந்தன்' 1903-இல் சென்னையில் புனைபெயரோடு வெளிவந்து, 1916-இல் லண்டன் பிரசுரகர்த்தரால் மீண்டும் அச்சிடப்பெற்றது. 1909-இல் வந்த 'சத்தியானந்தன்' ஒரு கிறிஸ்தவ இளைஞனை நாயகனாக்கி, மிஷன் வாழ்வின் குறைகளையும் மறையாது காட்டிற்று. மிஷன் கலாசாலை மாணவராகிய யாம் அதனைப் படிக்கையில் சில பக்கங்களில் முகம் சுளித்ததும் உண்டு. ஆயினும் அவர் தம் குலத்தவரிடம் காட்டாத சலுகையை நம்மிடம் மட்டும் காட்டியிருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று.

1915-இல் வெளிவந்த 'கிளாரிந்தா'வைக் குறித்து ஈண்டுச் சிறிது நின்று கூறவேண்டும். பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என மக்கள் வழங்கும் சிற்றாலயத்தை எம் சபையாருட் பலர் கண்டிருப்பர். 1778-இல் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்னும் பிராமண விதவை கட்டுவித்து, 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்றது அது. நாம் சபைச் சரித்திரத்தில் ஒரு பத்தியாய் அறிந்த அவ்வம்மையை, இந்துவாகவே வாழ்ந்த ஓர் ஆசிரியர் முழு நாவலின் தலைவியாக்கினார். உடன்கட்டையேறும் கொடுமையையும், விதவையின் தனிமையையும், அவளுக்கு அடைக்கலம் ஈந்தாரையும் அவர் எழுதியது மதம் பரப்பும் பொருட்டன்று. பெண்ணின் துயர் எச்சமயத்துக் கதையில் விளங்கித் தோன்றிற்றோ அச்சமயத்துக் கதையை அவர் எடுத்துக்கொண்டார். இந்நூல் பல்லாண்டுகள் கழித்தே தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தலைவி தமிழ் பேச அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர் அவர் வழி மெல்லத் தமிழை நோக்கித் திரும்பலாயிற்று. 'இந்து' பத்திரிகையில் குசிகர் என்னும் பெயரால் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளைத் தாமே தமிழாக்கி, 1924-இல் 'குசிகர் குட்டிக் கதைகள்' என வெளியிட்டார். உத்தியோகத்தினின்றும் உரிய காலத்திற்கு முன்னரே விலகிய அவர், சென்னையில் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அதற்கு இட்ட பெயர் 'ஆசிரியர் அச்சுக்கூடம்'. அப்பெயரில் அவர்தம் கொள்கை முழுதும் அடங்கியுள்ளது. அச்சுக்கூடம் முதலாளியினதாயும், ஆசிரியன் அதன் வாயிலில் நிற்போனாயும் இருந்த முறையை அவர் புரட்டிவிட்டார். 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் மாதப் பத்திரிகையையும் தொடங்கினார். கதையும் கட்டுரையும் செய்யுளும் கலந்து வந்த அதிலேயே பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தையும் எழுதலானார். முதலிரு பாகங்களைப் படித்தவர் கால் நூற்றாண்டு காத்திருந்த தொடர்ச்சி அது.

இக்காலத்தை ஒட்டியே லண்டனை அடுத்த ரிச்மண்டிலும் இதனைப் போன்றதொரு செயல் நிகழ்ந்தது. 1917-இல் வர்ஜீனியா உல்ஃப் அம்மையாரும் அவர் கணவர் லெனார்டு உல்ஃபும் ஒரு சிறு கை அச்சுப்பொறியை வாங்கித் தம் வீட்டு உணவறையில் அமைத்தனர். ஆளுக்கொரு கதையாக இரண்டு கதைகளைத் தாமே எழுத்துக் கோத்து, ஏறக்குறைய 150 பிரதிகள் அச்சிட்டு, அறிந்தார்க்கெல்லாம் அறிக்கை அனுப்பி விற்றனர். 1919-இல் அம்மையாரின் வேறொரு சிறுகதைக்கு ஒரு வாரப் பத்திரிகையில் நல்ல மதிப்புரை வரவே, வெளியூர் சென்றிருந்த தம்பதியர் வீடு திரும்பியபோது வாங்க விழைவாரின் கடிதங்கள் குவிந்து கிடந்தனவாம். அவர்கட்கு அத்தகைய மதிப்புரை எழுதும் பத்திரிகைகளும், அதனைப் படித்த அன்றே கடிதம் எழுதும் மக்களும் முன்னமே இருந்தனர். ஆசிரியர் அச்சுக்கூடத்திற்கு அவ்விரண்டும் இல்லை. மதிப்புரை எழுதும் பத்திரிகையையும் மாதவையாவே நடத்த வேண்டியிருந்தது. படிப்போரையும் அவரே ஆக்க வேண்டியிருந்தது.

ஆக்கினார் என்பதற்கு அவர் இல்லமே சான்று. அவரைச் சூழ்ந்து வளர்ந்தார் பலர் எழுத்தாளராயினர். உறவினராகிய பெ. நா. அப்புசாமியவர்கள் அறிவியலை எளிய தமிழில் எழுதுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். புதல்வருள் அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத்துத் தலைமை நீதிபதியாயிருந்தவர். 'வெள்ளி யாத்திரை' எனப் பொருள்படும் ஆங்கில நாவலொன்றை 1961-இல் வெளியிட்டார். மற்றொரு புதல்வர் மா. கிருஷ்ணன், 1996-இல் மறையுமட்டும் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். புதல்வியரும் எழுதினர். எழுதுவார்க்கு எழுதுவாரோடு கூடியிருத்தலினும் சிறந்த பள்ளி இல்லையென்பதை இக்குடும்பத்தைக் கண்டார் மறுக்கமாட்டார்.

ஆயினும் ஓர் இல்லமும் ஒரு பத்திரிகையும் ஒரு மொழிக்குப் படிப்போரை உண்டாக்கிவிட இயலாது. பட்டதாரிகள் தமிழைக் கல்லாமலே பட்டம் பெறும் வரையில் தமிழ் நூலை வாங்குவோர் யாவர்? இவ்வினாவை மாதவையா பல்கலைக் கழகத்தின் ஆட்சி மன்றமாகிய செனட் சபைக்கே கொண்டு சென்றார். அதன் உறுப்பினராயிருந்த அவர், பி. ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அச்சபையில் பேசினார். பேசி முடித்து அமர்ந்தவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53. அன்றைய பேச்சைத் தமிழ்ப்பற்று என்று மட்டும் கூறுதல் வழக்கம். அதனோடு, விற்காத நூற்கட்டுகளை வீட்டில் வைத்திருந்த ஓர் ஆசிரியரின் கணக்கும் அதில் அடங்கியிருந்தது என யாம் எண்ணுகின்றோம்; இதனால் அவர் பெருமை குன்றுமென யாம் கருதவில்லை. பஞ்சாமிர்தம் அவரோடு நின்றது. பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகமும் முடிவு பெறாமலே நின்றது.

இவற்றையெல்லாம் நூல்நிலையத்திற் படித்தறிந்த பின்னர், ஆசிரியர் வாங்கிய அந்த நாவலை இரவல் பெற்றுப் படித்தோம். முதல் ஐந்து அத்தியாயங்கள் தளர்ந்த நடையின. ஒற்றுப் பிழைகளும் பல. ஆறாவது அத்தியாயத்தில், தன் தந்தை விற்ற வயலைக் கூலியாளாய் உழச் செல்லும் ஒருவனின் காலை வேளை வருகின்றது. அதனைப் படித்த இரவு எம் அறையில் விளக்கு வெகு நேரம் அணையவில்லை. நூலின் பின்னட்டையிற் கண்ட முகவரிக்கு எழுதி, நால்வர் ஆளுக்கொரு பிரதி வருவித்தோம். கட்டினுள், இரண்டாம் பாகத்திற்கு முன்கூட்டிப் பெயர் தருவார்க்கென ஒரு வெறுந்தாளும் இருந்தது. பழைய கையொப்பமுறை அழிந்துவிட்டதென எண்ணியிருந்த எமக்கு அது வியப்பாயிற்று. அத்தாளில் இதுகாறும் எம் வகுப்பினர் ஒன்பதின்மர் பெயரெழுதியுள்ளனர். காதோடு காதாய்ப் பேசிய நண்பரின் பெயர் அவற்றுள் மூன்றாவது. தாள் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் உளது. இடம் இன்னும் மிகுதி.