குண்டு, துணி, எச்சில்

சிவகாசி ராக்கெட்டை மேலே தூக்கும் மருந்தும், அந்தக் காலத்துத் துப்பாக்கியின் வாய்வழியாகக் கெட்டித்த மருந்தும் ஒரே குடும்பம்: வெடியுப்பு, கரி, கந்தகம். துப்பாக்கிக்கு வழக்கமான விகிதம் 75, 15, 10. ராக்கெட்டில் மருந்தைக் கட்டியாக இறுக்குவார்கள், அடுக்கடுக்காக எரியும். துப்பாக்கிக்கோ மணிமணியாக வேண்டும். மணிகளின் இடைவெளியில் தீ பாய்ந்து, மொத்தமும் நொடியில் எரிந்துவிடும்.

ராக்கெட் நேராகப் போக வால்குச்சி இருக்கிறது. குண்டுக்கு?

நரிக்குறவர் தோளில் பார்த்துப் பழகிய நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். சிதறிப் பாயும் ரவைக்கு அது போதும். ஒற்றைக் குண்டுக்குப் போதாது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக் குழலின் விட்டம் 0.75 அங்குலம், குண்டு ஏறக்குறைய 0.69. சட்டென்று கெட்டிக்க வேண்டும் என்பதற்காகவே விட்ட இடைவெளி அது. குண்டு குழலுக்குள் இங்குமங்கும் மோதியபடி வரும். கடைசி மோதலைப் பொறுத்து அது விலகும் திசை மாறும். சிப்பாய்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரைஃபிளின் குழலுக்குள் திருகுபோலப் பள்ளங்கள் ஓடும். உருண்டைக் குண்டு என்றால் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது பரவலான கணக்கு. சுழன்று போகும் குண்டில் ஒரு பக்கம் சற்றே கனம் கூடினாலும், அந்தப் பக்கம் சுற்றிச்சுற்றி வருவதால் விலகல் பெருகாது. பள்ளத்தைப் பற்றுவது ஈயமல்ல, குண்டைச் சுற்றிய துணி. துணியை எண்ணெயில் நனைக்கலாம். வாயில் போட்டு எச்சிலால் நனைப்பவர்களும் உண்டு. கேட்க அருவருப்பு, வேலைக்குக் கச்சிதம்.

மீதியெல்லாம் சுடுபவரின் கைப்பக்குவம். மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக் குப்பியால் அளக்க வேண்டும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் குழலே வெடிக்கலாம். ஓங்கி இடித்தால் மணிகள் நொறுங்கி, எரியும் வேகம் மாறும். அதனால் ஒரே அழுத்தம், இடிகோலில் ஓர் அடையாளக் கீறல்.

பெரிய எதிரி கசடு. கருமருந்தின் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையாகவும் கசடாகவும் தங்கிவிடும். ஒவ்வொரு வேட்டுக்கும் குழல் குறுகும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை வேறு இழுக்கும். நமுத்த வெடியைப் பார்த்த ஊருக்கு ஈரத்தின் வேலையை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு வேட்டு, ஒரு துடைப்பு. இத்தகைய துப்பாக்கிகளுக்கான இன்றைய சர்வதேசப் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டுகள் சுடலாம்; சிறந்த 10 மட்டும் கணக்கு. துடைக்கிற நேரமும் அந்த முப்பதுக்குள்தான்.

போர்க்களத்தில் துடைக்க ஏது நேரம்? 1840களின் இறுதியில் பிரான்சின் மினியே அடிப்பக்கம் குழிந்த குண்டைக் கொண்டுவந்தார். கசடேறிய குழலிலும் அது தடையின்றி இறங்கும். சுடும்போது அடிப்பக்கம் விரிந்து பள்ளத்தைப் பற்றிக்கொள்ளும். அதே வழியில் வந்ததுதான் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள். குண்டு வழுக்கி இறங்கவும் கசடு இறுகாமலிருக்கவும் அதன் காகிதத் தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள். அது பசுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்ற கேள்விதான் 1857இல் வங்காளப் படைக்குள் புகுந்தது.