தடுப்பூசிக்கும் சினை ஊசிக்கும் நடுவே எத்தனை நாள்?

"தடுப்பூசி போட்டால் மாடு சினை நிற்காது" என்ற பயம் மாடு வளர்ப்பவர்களிடம் உண்டு. செந்தூலில் வீடும் கிள்ளான் பக்கம் தொழுவமுமாக இருப்பவர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பயம் முழுப் பொய்யல்ல. ஆனால் குற்றம் பெரும்பாலும் ஊசியில் இல்லை, போட்ட நாளில் இருக்கிறது.

எல்லாத் தடுப்பூசியும் ஒன்றல்ல. கோமாரி ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. அது சினைப்பையைத் தாக்காது. ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், பால் குறையலாம். வலுக்குறைத்த உயிர்க்கிருமி ஊசிகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மாட்டு ஹெர்ப்பிஸ் கிருமிக்கான அத்தகைய ஊசியை, முன்பு அதைப் போட்டிராத கிடேரிக்குச் சினை ஊசி நாளை ஒட்டிப் போட்டால், கருவைத் தாங்கும் சினைப்பைத் திசு கெட்டு, கரு தங்குவது குறைகிறது. அதனால் குறைந்தது 30 நாள் முன்னதாகவே போடச் சொல்கிறார்கள். மாட்டின் பருவச் சுழற்சி 21 நாள். ஒரு சுழற்சி முழுதாகக் கடந்துவிடும்.

காளையை நாம் மறந்துவிடுகிறோம். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஊசியால் இன்று வந்த காய்ச்சலின் பாதிப்பு சில வாரம் கழித்தும் தெரியலாம்.

அதற்காக ஊசியே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 2021-இல் தோல் கழலை நோய் மலேசியாவுக்குள் நுழைந்தது. அது தாக்கினால் சினை மாடு கன்று வீசும், காளை சில காலம் மலடாகும். பக்கத்தில் நோய் பரவும்போது நாள் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஊசி போட வருபவரிடம் அது எந்த ஊசி, உயிர்க்கிருமியா, காலாவதி எப்போது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சினை ஊசி போட்ட தேதியைச் சொல்லி, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

மாடு கன்று வீசினால் உடனே ஊசியைப் பழிக்க வேண்டாம், மனிதருக்கும் தொற்றும் புருசெல்லோசிஸ் நோயாகவும் இருக்கலாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவித்து இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நோய்ச் சந்தேகத்தைத் தெரிவிப்பது 1953 விலங்குகள் சட்டப்படி உரிமையாளரின் கடமையும்கூட. பாலைக் காய்ச்சியே குடியுங்கள். வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால், மாடு வளர்ப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.