கொங்கிரீட் மறைக்கும் கம்பிகள்

மட்டக்களப்பின் கல்லடியில் இரண்டு பாலங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாவியைக் கடக்கின்றன. ஒன்று, ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் 1924இல் கட்டிய இரும்புப் பாலம். மற்றது, ஜப்பானின் உதவியோடு கட்டி 2013இல் திறந்த பாலம். பழைய பாலத்தின் தறையாணிகளைக் கண்ணால் பார்க்கலாம்; துரு ஏறினால் தெரிந்துவிடும், சுரண்டித் தீந்தை பூசலாம். கொங்கிரீட்டில் அப்படி முடியாது. அதைத் தாங்குகிற கம்பி உள்ளே மறைந்திருக்கிறது.

நம் வீடும் பள்ளிக்கூடமும் அப்படித்தான். இந்தத் தூணுக்குள் எத்தனை கம்பி, எவ்வளவு ஆழத்தில் என்று பத்து வருடம் கழித்துக் கேட்டால், பதில் சொல்லக்கூடியது பெரும்பாலும் ஒரு வரைபடத் தாள்தான். அந்தத் தாளும் பல வீடுகளில் குடிபுகுந்த அன்றோடு காணாமற் போயிருக்கும்.

வாவிக்கரையில் இது சின்ன விஷயமல்ல. கொங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி அதைத் துருவிலிருந்து காக்கிறது. உப்புக்காற்றிலும் உவர்நீரிலும் உள்ள குளோரைட்டு மெல்ல ஊறி உள்ளே போய் அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கொங்கிரீட் வெடித்து உதிரும். இதைத் தள்ளிப்போட முதல் வழி, கம்பிக்கு வெளியே இருக்கும் கொங்கிரீட்டின் கனத்தை, அதாவது மூடுகையை, கூட்டுவது. சாதாரண இடத்தில் 25 மி.மீ. விட்டால், இங்கே 50 வரை விடவேண்டி வரும்.

சொல்ல இலகு. 225 மி.மீ. சதுரத் தூண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலையிலும் 16 மி.மீ. கம்பி, சுற்றி 6 மி.மீ. வளையம். 25 மி.மீ. மூடினால் இரண்டு மூலைக் கம்பிகளுக்கு நடுவே 131 மி.மீ. கிடைக்கும். அதற்குள், தூணில் வந்து சேரும் பீமின் மூன்று 16 மி.மீ. கம்பிகளை நுழைத்தால், ஒவ்வோர் இடைவெளியும் ஏறக்குறைய 21. முக்கால் அங்குலச் சல்லி மட்டுமட்டாக இறங்கும். 50 மி.மீ. மூடினாலோ இடைவெளி 8 ஆகிவிடும். சல்லி மேலேயே தங்கும், கீழே பொந்து விழும். தாளில் இரண்டு கோடு வரைந்தவருக்கு இது தெரியாது. கம்பி கட்டுபவருக்குத்தான் தெரியும், அதுவும் கலவை வந்து நிற்கும்போது.

'பிம்' என்று பொறியியலாளர்கள் சொல்லும் கட்டடத் தகவல் மாதிரி இங்கேதான் கைகொடுக்கிறது. 1970களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஈஸ்ற்மன் இதற்கு வித்திட்டார். தாளில் உள்ள கோட்டுக்குத் தான் தூண் என்று தெரியாது. றெவிட், பின்லாந்தில் பிறந்த டெக்லா போன்ற மென்பொருள்களில் வரையும் தூணுக்குத் தெரியும்: தன் கொங்கிரீட் எந்தத் தரம், கம்பி எத்தனை, எந்தப் பீம் தன்மேல் உட்கார்கிறது என்பதெல்லாம். மூடுகையை 50 ஆக்கினால் வளையங்கள் தாமே சுருங்கும். கம்பிகள் நெருக்குவதைத் திரையில் காணலாம். தூணை 300 ஆக்கினால் கொங்கிரீட் அளவும் கம்பிப் பட்டியலும் கூடவே மாறும். பீமைக் குறுக்கே வெட்டிப் போகும் தண்ணீர்க் குழாயையும் அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். உளி எடுத்துப் பீமைக் கொத்தும் அநியாயம் அதோடு நிற்கும்.

உப்பு மட்டுமல்ல, காற்றும் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியை மட்டக்களப்பார் மறக்கமாட்டார்கள். அதற்குப் பின் 1980இல் வந்த அரசாங்கக் கையேடு இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. சாதாரணக் கட்டடத்துக்குக் கணக்கில் எடுக்கவேண்டிய காற்று வேகம் கொழும்புப் பக்கம் செக்கனுக்கு 33 மீற்றர், நம் கரைக்கு 49. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், கொழும்பு வீட்டுப் பிளானை அப்படியே கொண்டுவந்தால் கூரையில் விழும் விசை இரண்டு மடங்குக்கும் மேல். ஊரை மாற்றினால் கணக்கும் மாறவேண்டும். மாதிரியிலிருந்து பகுப்பாய்வு மென்பொருளுக்கு அளவுகள் நேரே போகும்போது அந்தக் கணக்கைத் திரும்பப் போடுவது எளிது.

ஆனாலும் வேலைத்தளத்தில் கம்பியை இடம் மாற்றிக் கட்டிவிட்டுக் கணினியில் திருத்தாவிட்டால், மாதிரி சொல்வது பொய்யாகிவிடும். கொங்கிரீட் ஊற்றும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அளந்து, அன்றே திருத்தவேண்டும். இந்தப் பழக்கம்தான் மென்பொருளைவிட முக்கியம் என்பேன்.

விலையைச் சொல்லித் தட்டிக்கழிக்கத் தேவையில்லை. மாதிரியைச் சேமிக்க ஐ.எஃப்.சி. என்ற பொதுவான கோப்பு வடிவம் இருக்கிறது. இலவச மென்பொருளான ஃப்ரீகாட் அதைத் திறக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரே, கோயில், பள்ளிவாசல் நிர்வாகிகளே, உங்கள் அடுத்த மாடிக் கட்டடம் கைக்கு வரும்போது சாவியோடு அதன் மாதிரிக் கோப்பையும் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.