தம்பியை மைக் முன் நிறுத்திய அண்ணன்!

"சகோதரிகளே, சகோதரர்களே!"

இந்தியில் அந்தக் குரல் இப்படி அழைத்ததும் வட இந்தியாவில் டீக்கடை முதல் மாடி வீடு வரை காதைத் தீட்டிக்கொள்ளும். புதன்கிழமை இரவு 8 மணி. இலங்கை வானொலி. பினாகா கீத்மாலா!

குரலுக்குச் சொந்தக்காரர் அமீன் சயானி. 2024 பிப்ரவரி 20-ந் தேதி மும்பையில் தமது 91-வது வயதில் காலமானார்.

தனக்கு வானொலியில் குரு யார் என்று கேட்டால் அவர் சொன்னது ஒரே பெயர்தான். வேறு யாருமல்ல, கூடப்பிறந்த அண்ணன் ஹமீத் சயானி!

ஹமீத் ஆங்கில ஒலிபரப்பில் கில்லாடி. சின்னப் பையனாக இருந்த தம்பியை பம்பாய் வானொலி நிலையத்துக்கு அழைத்துப் போய் மைக் முன் நிறுத்தியவர் அவர்தான். அமீன் அங்கே ஆங்கில நிகழ்ச்சிகளில் பேசிப் பழகினார்.

கையை விரித்தார்கள்

பிறகு இந்தி அறிவிப்பாளர் ஆக ஆசை வந்தது. அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக்குப் போனார். உச்சரிப்பில் குஜராத்தி வாடையும் ஆங்கில வாடையும் அடிக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள்!

முகம் தொங்க அண்ணனிடம் வந்தார் தம்பி.

அண்ணன் சொன்ன மருந்து ஒன்றுதான். இலங்கை வானொலிக்கான இந்தி நிகழ்ச்சிகள் பம்பாயில் பதிவாகும் இடத்துக்குப் போக வேண்டும். உட்கார்ந்து கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும்.

போனார். கேட்டார். ஒரு நாள் விளம்பரம் படிக்கும் ஆள் வரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அமீனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். ஓவல்டின் விளம்பரம் அது.

கூலி? காசு கிடையாது. ஒரு டின் ஓவல்டின்!

வாரம் 25 ரூபாய்

1952-ல் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரி ஆனார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு மறைந்தது. ரசிகர்கள் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் கீத்மாலா பிறந்தது. எழுதுவது, பேசுவது, கடிதம் பிரிப்பது எல்லாம் ஒரே ஆள். சம்பளம் வாரம் 25 ரூபாய். பெரிய ஆட்கள் யாரும் சீண்டவில்லை. 20 வயது நிரம்பாத அமீன் தலையில் விழுந்தது.

முதல் நிகழ்ச்சிக்கே 9 ஆயிரம் கடிதங்கள்! பின்னாளில் வாரம் 65 ஆயிரம் வரை வந்ததாம். இது அவரே சொன்ன கணக்கு.

எந்த வானொலி கையை விரித்ததோ, அதே வானொலியின் விவித பாரதியில் 1989 முதல் கீத்மாலா ஒலித்தது!

காலியான நாற்காலி

அதைக் கேட்கத்தான் அண்ணன் இல்லை. ஹமீத் 1975-லேயே கண்ணை மூடிவிட்டார்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் நடத்தி வந்த போர்ன்விட்டா வினாடி-வினா நிகழ்ச்சி அப்போது ஆள் இல்லாமல் நின்றது. அதை ஏற்று நடத்த வந்தவர் அமீன்தான்.

மைக் முன் நிறுத்திய அண்ணனின் மைக் முன்னாலேயே தம்பி உட்கார வேண்டி வந்தது. உட்கார்ந்தார். கேள்விகளைக் கேட்டார். நிகழ்ச்சி நிற்கவில்லை!