விதையும் மண்ணும்

நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த லக்கலவிற் சேனைப் பயிர் செய்தோர் ஓர் உண்மையை நன்கறிவர். காற்றிற் பறக்கும் விதை எங்கும் விழும். ஆயின், ஏற்ற மண் வாய்த்த இடத்திலேயே முளைக்கும். புற்றுநோய் பரவும் முறையை விளக்க, 1889ஆம் ஆண்டில் ஆங்கிலேய வைத்தியர் ஸ்டீபன் பஜெற் இவ்வுவமையையே எடுத்தாண்டார்.

கருப்பைக் கழுத்தில் எழும் புற்று, முதலில் அயலிலுள்ள இழையங்களையும் இடுப்பறை நிணநீர்க் கணுக்களையும் பற்றும். பின்னர் குருதி வழியே நுரையீரல், ஈரல், என்பு ஆகியவற்றை அடையும். சூலகப் புற்றோ, வயிற்றறைத் திரவத்தில் மிதந்து சென்று பிரிமென்றகட்டின் அடிப்புறத்திலும் படியும். எங்குக் குடியேறினும் அக்கலம் தன் பிறப்பியல்பை முற்றும் விடுவதில்லை. ஆகவே, நுரையீரலிற் காணப்படினும் அது கருப்பைக் கழுத்துப் புற்றெனவே கொண்டு சிகிச்சை அளிக்கப்படும்.

பரவிய நோய் யாவும் தீராதவை அல்ல. சூல்வித்தக இழையத்தில் எழுந்து நுரையீரலுக்குப் பரவும் ஒருவகைப் புற்று, மெதோட்றெக்சேற் மருந்துக்கு அடங்குவதை 1956இல் அமெரிக்க வைத்தியர் மின் சியூ லியும் றோய் ஹேர்ட்ஸும் அறிவித்தனர். ஏனைய பலவற்றில், பரவிய பின் நோயை அடக்கி வைத்தலும் வேதனையைத் தணித்தலுமே பெரும்பாலும் இயலும்.

ஆனால், கருப்பைக் கழுத்தின் கலங்கள் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் செல்லும். அக்கால இடைவெளியே பெண்ணுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. இலங்கையில் 1996 முதல் இயங்கும் மகளிர் நலச் சிகிச்சை நிலையங்கள், 35, 45 வயதுப் பெண்களைச் சிறப்பாகப் பரிசோதனைக்கு அழைக்கின்றன. 2017 முதல் பாடசாலைச் சிறுமியருக்குத் தடுப்பூசியும் ஏற்றப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் தோன்றும் குருதிப்போக்கு, உடலுறவின் பின் கசியும் குருதி, நீங்காத வயிற்று வீக்கம் என்பவற்றை நாணத்தால் மறைத்தல் தகாது.

களையை விதை கட்டுமுன் பிடுங்குவதே உழவர் வழக்கம்.