அட்மிரல் லேட்டனும் கூப்பன் மாவும்

அட்டன், நுவரெலியா தோட்டங்களில் விடியுமுன்னே லயத்தில் ரொட்டி மணம் கிளம்பிவிடும். கோதுமை மாவை உப்புத் தண்ணீரில் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, விறகடுப்புக் கல்லில் ஓரம் கருகத் திருப்பியெடுத்து, துணியில் சுற்றிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். சோறு தின்று வளர்ந்த சனத்துக்கு இந்த மா பழகியதில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போது இலங்கையின் கடிவாளம் ஒரு கடற்படை அதிகாரியிடம் இருந்தது. அவர் அட்மிரல் சர் ஜெப்ரி லேட்டன்.

1884இல் லிவர்பூலில் பிறந்தவர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர். 1915 ஆகஸ்டில் பால்டிக் கடலுக்குப் போகும் வழியில் அவருடைய ஈ-13, திசைகாட்டி பழுதாகி, டென்மார்க்கின் சால்ட்ஹோம் தீவருகே தரைதட்டியது. அசைய முடியாமல் கிடந்த கப்பலை ஜெர்மன் படகுகள் சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். நடுநிலை நாடான டென்மார்க் மற்றவர்களைக் காவலில் வைத்தது. லேட்டன் அங்கிருந்து தப்பி நாடு சேர்ந்தார். 1918 ஜனவரியில் ஸ்கொட்லாந்துக் கரையோர இருட்டில் அவருடைய கே-6, சொந்தப் படையின் கே-4 மீதே மோதியது. கே-4இல் ஒருவரும் பிழைக்கவில்லை.

1941 டிசம்பரில் சிங்கப்பூர்ப் பொறுப்பை அட்மிரல் பிலிப்ஸிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட இருந்தார். பிலிப்ஸ் தன் கப்பலோடு மூழ்கவே, பொறுப்பு மறுபடி இவர் தலையில் விழுந்தது. 1942 மார்ச்சில் இலங்கையின் தலைமைத் தளபதியானார். ஆளுநர் கால்டெகொட்டும் அவருக்குக் கீழேதான். அதே மாதம் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றது. தோட்டத்து ஆளுக்குச் சொந்த வயல் ஏது? பங்கீட்டுக் கூப்பனுக்கு அளந்த அரிசி, மீதிக்கு மா. மலாயாவும் பறிபோயிருந்ததால் இறப்பர் மரங்களை வெட்டுக்கு மேல் வெட்டாக வெட்டிப் பால் எடுத்தார்கள். பிரிட்டிஷ் உணவு அமைச்சு தேயிலையை மொத்தமாக வாங்கியது.

ஏப்ரல் 5 கொழும்பிலும் 9 திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இடையில், 7ஆம் திகதி, கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரும் தப்பினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்த போராட்டத்தின் பின்னால் நின்ற சமசமாஜக் கட்சித் தலைவர்கள் இவர்கள். காவலிலிருந்து தப்பிய லேட்டனைக் கடற்படை வரவேற்றது. இவர்களையோ லேட்டனின் ஆட்சி தேடியது.

தீவைக் காத்தவர் என்ற பெயர் லேட்டனுக்கு உண்டு. அது நியாயமான பெயர்தான். ஆனால் அரைவயிற்றோடு கொழுந்து கொய்த, பால் வெட்டிய கைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன்.

லேட்டன் 1964 செப்டம்பரில் காலமானார். அடுத்த மாதம் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். போர்க்காலத்தில் கூப்பனுக்கு வரிசையில் நின்ற பலர், பிள்ளைகுட்டிகளோடு தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.