வெள்ளி ரூபாயைத் தேய்க்காதீர்கள்

ஆட்டையாம்பட்டி, வேம்படிதாளம், இளம்பிள்ளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாகப்பிரிவினை நடக்கும்போது பீரோவின் அடித்தட்டிலிருந்தோ பாட்டியின் சுருக்குப் பையிலிருந்தோ சில வெள்ளி ரூபாய்கள் வெளியே வரும். கறுத்துப்போயிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் உடனே புளியையும் விபூதியையும் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். பளபளப்பு வந்ததும் சேலம் செவ்வாய்பேட்டைக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே தராசில் வைத்து, டச் எனப்படும் வெள்ளிச் சுத்தம் பார்த்து, உருக்கு விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊரை ஒட்டி வாழ்கிறோம். வெள்ளி என்றாலே எடைதான் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. எடைக்கு மேல் அந்தக் காசுக்கு இருந்த மதிப்போ விபூதியோடு வீட்டிலேயே போய்விட்டிருக்கும்.

முதலில் எடைக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏமாறாமல் இருக்க அதுதான் அடிப்படை. 1835 முதல் 1939 வரையிலான ஆங்கிலேயர் காலத்து ஒரு ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. ஒரு காசில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. தேய்ந்த காசில் சற்றுக் குறையலாம். 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். இரண்டையும் ஒரே குவியலாகப் போட்டு, எல்லாவற்றையும் பாதி டச் என்று கணக்குப் போட இடம் கொடுக்காதீர்கள். ஆண்டைப் பார்த்து வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1946, 47 ரூபாய்கள் நிக்கல். அவற்றில் வெள்ளியே கிடையாது.

எடைக்கு மேலான விலையை முடிவு செய்வது வகை. 1835இல் நான்காம் வில்லியம் தலையோடு வந்த ரூபாயில், கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில் எஃப் அல்லது ஆர்.எஸ். என்று பொடி எழுத்து இருக்கலாம். கல்கத்தா நாணயச்சாலையைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ், ராபர்ட் சாண்டர்ஸ் ஆகியோரின் முதலெழுத்துகள் அவை. 1840 விக்டோரியா காசில் ராணியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ந்து ஓடினால் ஒரு வகை, இரண்டாகப் பிரிந்து நின்றால் இன்னொரு வகை. பின்புறத்து மாலையில் எத்தனை கனிகள் என்று எண்ணித்தான் அதற்குள் உட்பிரிவு பார்க்கிறார்கள். 1862 என்ற ஆண்டோடு அதற்குப் பின்னும் பல வருடம் ரூபாய் அடித்தார்கள். அவற்றில் சிறு புள்ளிகளை வைத்துத்தான் வகை சொல்ல முடியும். 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போல் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அந்த ஆண்டு ரூபாயின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி யானையைத் திருத்தினார்கள். 1939 ரூபாய் மிக அரிது. அதனாலேயே வேறு ஆண்டுக் காசின் இலக்கத்தைச் செதுக்கி 1939 ஆக்கிய போலிகள் உலவுகின்றன. கடைசி இலக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் அந்தக் காசை வாங்கக் கூடாது.

பொடி எழுத்து, புள்ளி, கனி, தும்பிக்கை எல்லாமே மயிரிழை அளவு மேடுகள். விபூதியும் பாத்திரம் துலக்கும் பொடியும் பற்பசையும் முதலில் அரிப்பது மேடுகளைத்தான்.

கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம் அது. பல பத்தாண்டுகளாகச் சீராகப் படிந்த கறுப்பு, காசை யாரும் தொந்தரவு செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. சேகரிப்பவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினால் படலத்தோடு வெள்ளியின் மேற்பரப்பும் சிறிது கரையும். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் ஓடியதால் உண்டான நுண்ணிய வரிகளே புதுக்காசின் ஒளிக்குக் காரணம். அவை கரைந்தபின் காசு வெளுத்து, உயிரில்லாமல் தெரியும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் சேர்த்து வெந்நீரில் போடும் முறையும் காசைச் செயற்கையாக வெளுக்க வைத்துவிடும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் 1 முதல் 70 வரை எண் கொடுக்கும். தேய்த்த காசு என்று கண்டால் எண் தராமல், அசல்தான், ஆனால் துப்புரவு செய்யப்பட்டது என்ற குறிப்போடு திருப்பி அனுப்பிவிடும். சந்தையில் அந்தக் குறிப்பு விலையைக் கடுமையாக இறக்கிவிடுகிறது.

மண்ணும் பிசுக்கும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊற வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ, நெகிழி உறையிலிருந்து கசிந்த பச்சைப் பசையோ இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவிடலாம். அது வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும்; அடுப்பு எரியும் இடத்துக்கு அருகில் திறக்காதீர்கள். எடுத்ததும் பருத்தித் துணியில் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காசை ஓரத்தில் பிடியுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அதைக் காசுக்கு அருகிலேயே விடாதீர்கள். காசுமாலைக்குக் காது வைத்துப் பற்றவைத்த ரூபாய்களும் நம் பக்கம் நிறைய உண்டு. அந்தக் காதை அராவி எடுத்துச் சரிசெய்ய முயன்றால் இரண்டாவது சேதம்தான் மிஞ்சும்.

அடுத்தது சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். விக்டோரியா, எட்வர்ட் காசுகள் அனைத்தும், ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் பெரும்பகுதியும் இதில் அடங்கிவிட்டன. அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறையும் அபராதமும் உண்டு. “அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் கேட்டால், எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள். குடும்பத்துக் காசை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல.

பழைய சுவரை இடிக்கும்போதோ கிணற்று மேட்டைத் தோண்டும்போதோ குடமாகக் கிடைத்தால் கதையே வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் வரலாம். தெரிவித்தவருக்குச் சட்டம் நியாயமாகவே நடந்துகொள்கிறது: உரிமையாளர் யாருமில்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். கூலிக்குக் குழி தோண்டும் தொழிலாளிக்கு இந்த உரிமை இருப்பதை யாரும் சொல்வதில்லை.

செல்போனில் வரும் வலையும் உண்டு. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், பதிவுக் கட்டணமும் வரியும் முன்கூட்டியே கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரையையும் காட்டுவார்கள். தான் இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பணம் போய்விட்டால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கடையில் நேர்ந்த இழப்புக்கு எங்கே போவது என்பதில் பலருக்குக் குழப்பம். தராசில் ஏமாற்று இருந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுங்கள். தராசில் முத்திரை இருக்கிறதா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அசல் என்று பணம் வாங்கிக்கொண்டு போலிக் காசைக் கொடுத்தாலோ, கூலி வாங்கிக்கொண்டு கழுவித் தருவதாகச் சொல்லிக் காசைக் கெடுத்தாலோ, சேலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுகலாம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்குக்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். ரசீது வேண்டும்; கொடுப்பதற்கு முன் காசின் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து, கிராம் கணக்கில் எடை குறித்து வைத்திருக்க வேண்டும்.